முதுகுப் பிடிப்புக்கு ஒத்தடம்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், பிறகு என்ன?

இரண்டு நாள் கொல்லையில் மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கியவருக்கும், குடியாத்தத்தில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவருக்கும், ஆம்பூரில் தையல் மெஷின் முன்னால் குனிந்து ஷூவுக்குத் தோல் தைப்பவருக்கும் சாயங்காலம் வரும் வலி பெரும்பாலும் ஒன்றுதான். இடுப்புக்கு மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் கயிறு முறுக்கினாற்போல் ஓர் இறுக்கம். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் சட்டென்று நிமிர முடியாது. "இடுப்பு பிடிச்சிக்கிச்சு", "வாயுப் பிடிப்பு" என்றெல்லாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இந்த வலிக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய நல்ல வைத்தியம் ஒத்தடம். ஆனால் பலர் அதைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒத்தடம் கொடுத்து வலி கொஞ்சம் இறங்கியதும் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஒத்தடத்தின் பலன் அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில் உடம்பை எப்படி அசைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் சூடு என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம்.

சூடு பட்டால் உள்ளே நடப்பது

முதுகெலும்பின் இரண்டு ஓரத்திலும் மேலிருந்து கீழாக ஓடும் நீளத் தசைகள்தான் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கின்றன. குனிந்தபடியே வேலை செய்யும்போது அவை தளர நேரமில்லாமல் மணிக்கணக்கில் இழுத்துப் பிடித்திருக்கின்றன. தொடர்ந்து சுருங்கியிருக்கும் தசைக்குள் ரத்தம் சரியாக ஓடாது. வலி வரும். வலி வந்ததும் அந்த இடத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தசை இன்னும் இறுகும். இந்தச் சுழற்சியை எங்காவது அறுக்க வேண்டும்.

தோலில் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு பட்டால் அந்த இடத்து ரத்தக் குழாய்கள் விரிகின்றன, ரத்த ஓட்டம் கூடுகிறது, இறுகிய தசை நெகிழத் தொடங்குகிறது. இன்னொன்றும் நடக்கிறது. தோலிலிருந்து இதமான சூட்டின் சேதி தண்டுவடத்துக்குப் போய்ச் சேரும்போது, அதே வழியில் மூளைக்கு ஏறும் வலியின் சேதி அமுங்கிவிடுகிறது. தண்டுவடத்தில் வலிக்கு ஒரு கதவு இருக்கிறது, மற்ற உணர்ச்சிகளால் அதைச் சாத்த முடியும் என்ற கருத்தை 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் முன்வைத்தார்கள். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் வலி குறைவதற்கும் இதுவே விளக்கம்.

புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக, அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தோலின் மேல் வைக்கும் சூட்டைச் சேர்த்திருக்கிறது. அதனால் இதைப் பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஒத்தடத்தால் எல்லாம் ஆகிவிடும் என்று நம்பவும் வேண்டாம். வெளியிலிருந்து கொடுக்கும் சூடு நன்றாக ஏறுவது ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான். அதற்கும் கீழே உள்ள தசையில் சூடு கொஞ்சமே கூடும். தோலுக்கு அடியில் கொழுப்பு அதிகம் இருந்தால் இன்னும் குறையும். "உள்ளே இறங்கவில்லை" என்று சூட்டை ஏற்றிக்கொண்டே போனால் தசை சூடாவதற்குள் தோல் வெந்துவிடும்.

வேலூர் வெயிலில் நிற்பதே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கத்திரி வெயிலில் உடம்பு முழுக்க வேர்த்துத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும், முதுகுத் தசை மட்டும் தனியாகச் சூடேறாது. ஒத்தடம் ஒரு கையகல இடத்தில் மட்டும் சூட்டை ஒட்டவைத்துக் கொடுக்கிறது. உடம்பு அதைச் சமாளிக்க அங்கே ரத்தத்தை அனுப்புகிறது. நமக்கு வேண்டியது அதுதான்.

எப்போது சூடு, எப்போது ஐஸ்

மூட்டை தூக்கும்போது "சுரீர்" என்று பிடித்து, அந்த இடம் வீங்கியோ கன்றியோ இருந்தால் முதல் 48 மணி நேரம் சூடு வேண்டாம். உள்ளே கசிவு இருக்கும்போது ரத்த ஓட்டத்தைக் கூட்டினால் வீக்கமும் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம். வீக்கம் எதுவும் இல்லாமல், வேலைக் களைப்பால் வந்த இறுக்கமாக இருந்தால் முதல் நாளிலிருந்தே ஒத்தடம் கொடுக்கலாம். பழக்கமில்லாத வேலை செய்தால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் வலி உச்சத்துக்குப் போகும். ஒத்தடத்தால் வலி கூடிவிட்டது என்று அதைத் தவறாக எண்ண வேண்டாம்.

ஹாட் வாட்டர் பேக்: முதலில் இதைத்தான் வாங்க வேண்டும்

எல்லா வழிகளிலும் நாங்கள் முதலில் சொல்வது மருந்துக் கடையில் கிடைக்கும் இரண்டு லிட்டர் ரப்பர் பையைத்தான். தண்ணீருக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும் தன்மை மிக அதிகம். அதே எடையுள்ள உப்பைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு. அதனால் மெதுவாக, ஒரே சீராகச் சூட்டைக் கொடுக்கும். தவிர, தண்ணீர் எவ்வளவு கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த உப்புக்கும் மணலுக்கும் அப்படி ஓர் எல்லை கிடையாது.

அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க எடுத்துப் பையில் ஊற்றக் கூடாது. ஆவி முகத்தில் அடிக்கும், ரப்பரும் சீக்கிரம் விரிசல் விடும். அளவு இதுதான்: இரண்டு டம்ளர் கொதிக்கும் தண்ணீர், மூன்று டம்ளர் குழாய்த் தண்ணீர். டம்ளர் 200 மில்லி என்றால் மொத்தம் ஒரு லிட்டர், அதாவது பாதிப் பை. குழாய்த் தண்ணீர் 30 டிகிரி இருந்தால் கலவை 58 டிகிரிக்குப் பக்கத்தில் வரும். பை, துண்டு என்று இரண்டு தடுப்பைத் தாண்டித் தோலுக்கு வரும்போது 40-ஐ ஒட்டி நிற்கும்.

வேலூர்ப் பக்கம் இதில் ஒரு சிக்கல் உண்டு. மே மாத மத்தியானத்தில் மொட்டைமாடி டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரே கை சுடும். அது 40 டிகிரி இருந்தால் அதே அளவுக் கலவை 64 டிகிரிக்கு ஏறிவிடும். மார்கழிக் காலையில் தண்ணீர் 22 டிகிரி இருந்தால் 53-தான் வரும். ஆகவே கோடையில் குழாய்த் தண்ணீருக்குப் பதில் பானைத் தண்ணீரைக் கலந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் கொதிநீரை அரை டம்ளர் கூட்டுங்கள். எந்தக் காலமானாலும் பையைத் துண்டில் சுற்றி, முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்த்த பிறகுதான் முதுகுக்குப் போக வேண்டும். உள்ளங்கையால் பார்ப்பதில் பயனில்லை. அடுப்படியில் பழகிய கைக்கு 50 டிகிரிகூட இதமாகத்தான் தெரியும்.

தண்ணீர் ஊற்றியதும் பையை மேசையில் படுக்க வைத்து, தண்ணீர் கழுத்து வரை வரும்படி மெல்ல அழுத்திக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடியைத் திருகுங்கள். காற்று இருந்தால் பை உப்பிக்கொண்டு முதுகில் படியாது. பிறகு தலைகீழாகத் தொட்டியின் மேல் பிடித்து ஒரு குலுக்கு. மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தால் அப்போதே சொட்டும். வாஷர் காய்ந்து கெட்டியாகிவிட்ட பையையும், மடிப்பில் வெடிப்பு தெரியும் பையையும் தூக்கிப் போடுங்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டி, மூடியைத் திறந்து தலைகீழாக நிழலில் காயவைத்தால் உள்ளே ஒட்டிக்கொள்ளாது.

பையின் மேல் படுக்காதீர்கள்

வீடுகளில் அதிகமாக நடக்கும் தவறு இது. பையைப் பாயில் போட்டு அதன் மேல் மல்லாந்து படுப்பது வசதியாகத்தான் இருக்கும். ஆனால் தோலில் ஏறும் சூட்டை அந்த இடத்து ரத்தம்தான் அடித்துக்கொண்டு போய் உடம்பெங்கும் பரப்புகிறது. உங்கள் எடை அந்த இடத்தை அழுத்தும்போது ரத்த ஓட்டம் தடைபடும், சூடு அங்கேயே தேங்கும். சாதாரணமாகப் பொறுக்கக்கூடிய சூடே அப்போது கொப்புளம் போட்டுவிடும். பை பிதுங்கி மூடி தெறிக்கும் ஆபத்து வேறு.

சரியான முறை: வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, பையை இடுப்பின் மேல் வைக்கச் சொல்லுங்கள். குப்புறப் படுக்க முடியாதவர்கள் ஒருக்களித்துப் படுத்து, முட்டிகளுக்கு நடுவில் தலையணை வைத்துக்கொள்ளலாம். நடு எலும்பின் மேல் வைப்பதைவிட அதன் பக்கவாட்டில் சதைப்பற்றான இடத்தில் வைப்பதே சரி. எலும்புக்கு மேல் தோல் மெல்லியது, சீக்கிரம் சுடும்.

ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம் போதும். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட்டு, நாளுக்கு மூன்று முறை கொடுக்கலாம். காலையில் எழுந்ததும் இறுக்கம் அதிகம் இருப்பவர்களுக்குக் காலை ஒத்தடம்தான் அதிகம் உதவும். கோடையில் மத்தியான நேரத்தைத் தவிர்த்துவிட்டு 10 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துணியை விலக்கித் தோலைப் பாருங்கள். ஒரே சீராக இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. கருநிறத் தோலில் சிவப்பு அவ்வளவு தெரியாது, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். திட்டுத் திட்டாக வெளுத்தோ அதிகம் சிவந்தோ இருந்தால், எரிச்சல் இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்பதற்குப் பழைய ஆய்வு ஒன்று நல்ல அளவுகோல். மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் இருவரும் 1947-ல் வெளியிட்டது. தோலில் நேரடியாகப் படும் சூடு 60 டிகிரி என்றால் ஐந்து விநாடியில் வெந்துவிடும். 49 டிகிரி என்றால் பத்து நிமிடத்துக்குள். வெறும் 44 டிகிரி சூடுகூட ஆறு மணி நேரம் விடாமல் பட்டால் தோலைச் சுடும். இதமாகத்தானே இருக்கிறது என்று பையோடு தூங்கிப்போகிறவர்கள் சுட்டுக்கொள்வது இப்படித்தான். வாரக்கணக்கில் தினமும் நெடுநேரம் வைத்தால், சுடாவிட்டாலும் தோலில் வலைபோட்ட மாதிரி பழுப்புத் தழும்பு விழும். அது தெரிந்தால் அந்த இடத்தில் சூட்டை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

உப்பு, துண்டு, மின்சாரம்

உப்பு ஒத்தடம் கொடுக்க அரைக் கிலோ கல் உப்பை இரும்புக் கடாயில் மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். படபடவென்று வெடிப்பது கல்லுக்குள் அடைபட்ட ஈரம் ஆவியாவதால். அந்தச் சத்தம் அடங்கும்போது இறக்குங்கள். அப்போது உப்பின் சூடு 150 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், ஆகவே உடனே கட்டக் கூடாது. தட்டில் பரப்பி, கை பொறுக்கும் வரை ஆறவிட்டு, பழைய வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாக முடியுங்கள். பாலியஸ்டர் புடவைத் துணி அதிகச் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும், அது வேண்டவே வேண்டாம். முதலில் தொட்டுத் தொட்டு எடுத்து, சூடு தணிந்த பிறகு அழுத்தி வையுங்கள். சில நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி வறுக்க வேண்டும். தவிட்டுக்கும் மணலுக்கும் இதே முறைதான். நொச்சி இலை வைத்துக் கட்டினால் வாசனை இதமாக இருக்கும், வேலையைச் செய்வது சூடுதான். எருக்கிலையைத் தவிர்ப்பதே நல்லது. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

ஈரச் சூடு வேண்டுமென்றால் டர்க்கி டவலை வெந்நீரில் நனைத்து, சொட்டு விழாமல் பிழிந்து, நான்காக மடித்து, முதுகில் விரித்த உலர்ந்த துண்டின் மேல் வைக்கலாம். ஐந்து நிமிடத்தில் ஆறும், நான்கு முறை மாற்றினால் கணக்கு சரி. ஈரத்துணி வழியாகச் சூடு வேகமாகப் பாயும் என்பதால் உலர்ந்த துண்டு கட்டாயம். பிசியோதெரபி மையத்தில் வைக்கும் ஹாட் பேக் 70 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீரில் ஊறியது. அதற்கு அவர்கள் ஆறு முதல் எட்டு மடிப்பு டவல் சுற்றுவது இதனால்தான்.

எலக்ட்ரிக் ஹீட்டிங் பேட் வாங்குவதானால் தானாக அணையும் வசதி உள்ளதாகவும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாகவும் பாருங்கள். குறைந்த சூட்டில் தொடங்குங்கள். மடிக்காதீர்கள், ஈரத் துண்டோடு சேர்க்காதீர்கள், இதன் மேலும் படுக்காதீர்கள். பிளக்கில் செருகிச் சூடேற்றும் ஜெல் பையை மின்சாரத்தைத் துண்டித்த பிறகுதான் தொட வேண்டும். பை பலூன்போல் உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது.

ஒத்தடம் முடிந்த கையோடு

பையை எடுத்த பிறகு இருபது முப்பது நிமிடம் தசை நெகிழ்ந்திருக்கும், வலியும் அமுங்கியிருக்கும். அந்த நேரத்தை வீணாக்காதீர்கள். பாயில் மல்லாந்து, முட்டிகளை மடக்கி, பாதங்களைத் தரையில் ஊன்றுங்கள். வயிற்றை லேசாக உள்ளிழுத்து, இடுப்புக்கு அடியில் இருக்கும் இடைவெளி மறையும்படி முதுகைப் பாயோடு அழுத்தி ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். பத்து முறை. அடுத்து, மடக்கிய முட்டிகளை ஒன்றுசேர்த்து வலப்பக்கமும் இடப்பக்கமும் மெதுவாகச் சாயுங்கள். இதுவும் பத்து முறை. பிறகு ஒரு முட்டியை மட்டும் இரு கையாலும் பிடித்து நெஞ்சை நோக்கி இழுத்து, பத்து எண்ணும் வரை நிறுத்துங்கள். காலுக்கு ஐந்து முறை. எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழுந்து, தெருவில் பத்து நிமிடம் நடங்கள்.

இழுவை தெரிய வேண்டும், வலி கூடக் கூடாது. வலி பின்தொடை வழியாகக் காலில் இறங்கினால் அந்த அசைவை நிறுத்துங்கள். குனிந்து பாதத்தைத் தொடுவதும், யாரையாவது முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வதும் இந்த நேரத்தில் வேண்டாம். படுக்கையிலேயே நாள்கணக்கில் கிடந்தால் தசை வலுவிழந்து, குணமாவது தள்ளித்தான் போகும்.

வலி தெரியாத தோல்

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் சிதைவது சதை அழுகுவதால் அல்ல, உணர்ச்சி மரத்துப்போனதால் அவர்கள் அறியாமலே திரும்பத் திரும்பப் படும் காயத்தாலும் சூட்டாலும்தான் என்று எடுத்துக்காட்டினார். சர்க்கரை நோயால் நரம்பு மரத்தவர்களுக்கும் இதே ஆபத்து. "எனக்குச் சூடே தெரியலை, இன்னும் சூடா வை" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுச் சூட்டைக் கூட்டவே கூடாது. சோதிப்பது எளிது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் வெதுவெதுப்பான தண்ணீர், இன்னொன்றில் பானைத் தண்ணீர். கண்ணை மூடச் சொல்லி, முதுகில் மாற்றி மாற்றி வைத்து எது எது என்று கேளுங்கள். தடுமாறினால் ஒத்தடம் வேண்டாம்.

பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தடுமாறும் முதியவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கும் கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யலாம். புண், அக்கி, கட்டி உள்ள இடத்தில் வைக்கக் கூடாது. தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருப்பவர்கள் அதன் மேலோ அருகிலோ சூடு வைத்தால் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் இறங்கும்.

வலித்தைலமும் அப்படித்தான். தைலம் தேய்த்துவிட்டு அதன் மேலேயே ஒத்தடம் கொடுப்பது பல வீடுகளில் வழக்கம். தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட், மெந்தால் போன்றவை சூட்டில் தோலுக்குள் வேகமாக ஏறி, தோலையே புண்ணாக்கக்கூடும். மெந்தாலின் குளிர்ச்சி உண்மையான சூட்டை மறைத்தும்விடும். தைலம் போட வேண்டுமென்றால் ஒத்தடம் முடிந்து தோல் ஆறிய பிறகு போடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கு அந்த வேளை ஒத்தடத்தை விட்டுவிடுங்கள்.

சுட்டுவிட்டால், சாதாரணக் குழாய்த் தண்ணீரை அந்த இடத்தில் 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸ், பேஸ்ட், மை, எண்ணெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒத்தடம் செல்லாத வலிகள்

தசை வலி அசைந்தால் கூடும், சரியான நிலையில் படுத்தால் குறையும். எப்படிப் படுத்தாலும் குறையாமல், விலாவுக்குக் கீழிருந்து அடிவயிறு வரை அலை அலையாக வந்து வாந்தியும் சேர்ந்தால் சிறுநீரகக் கல்லாக இருக்கலாம். ராத்திரியில் கூடும் வலியோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு இருந்தால் முதுகெலும்புக் காசநோயைச் சோதித்துப் பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு விழுந்த பிறகு வந்த வலி என்றால் முதலில் எக்ஸ்ரே. புற்றுநோய் வந்து போனவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் தாமதிக்காமல் காட்ட வேண்டும். சாதாரணப் பிடிப்பே ஆனாலும், ஒரு வாரம் ஒத்தடமும் அசைவும் சேர்த்துச் செய்தும் கொஞ்சமும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

இவற்றைவிட அவசரமான நிலை ஒன்று உண்டு: சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போய்விடுவது, தொடை இடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது. தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புகள் நசுங்கும்போது வருவது இது. சில மணி நேரத் தாமதமே நிரந்தர ஊனத்தில் கொண்டுபோய் விடலாம். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து, வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல அவசர அறுவை வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.